காட்டுவளவில் ஒரு ஓட்டு

உட்காருங்க சார். அந்த நாற்காலி வேண்டாம், ஒரு கால் ஆடும். இதில் உட்காருங்க. உங்களுக்கு முன்னால் இருந்த ஆர்.ஐ. இதிலதான் உட்காருவார். உட்கார்ந்தா எழுந்திரிக்க மனசு வராது அவருக்கு.

இந்தக் காட்டுவளவுக் குடிசைச் சனங்க மனு கொடுத்திருக்காங்க, அதானே? எங்களுக்கு இங்கே வாக்குச்சாவடி வேண்டாம், பழையபடி ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கே மாத்திருங்கன்னு. மறைக்காதீங்க, நீங்க வண்டியை நிறுத்தறதுக்கு முன்னாலயே எனக்குத் தெரியும். யார் யார் கையெழுத்துப் போட்டிருக்காங்கன்னு நான் கேக்கலை. கேட்டாலும் நீங்க சொல்லக்கூடாது, சட்டம் இருக்கு. அந்தக் காகிதத்தை லேசா இந்தப் பக்கம் திருப்பி வெச்சாக்கூடப் போதும். வேண்டாமா? சரி, வேண்டாம். கோபப்படாதீங்க. கோபப்பட வேண்டியவன் நான்.

ஊர்ப் பள்ளிக்கூடம் இங்கிருந்து எவ்வளவு தூரம்னு நீங்களே வண்டியில வந்தீங்க, தெரியும். பள்ளத்துல இறங்கணும், வாய்க்காலைத் தாண்டணும், சுடுகாட்டைச் சுத்தணும். சித்திரை வெயில்ல செருப்பே உருகும். வீட்டு வாசல்ல பூத்தை வெச்சுக் கொடுத்தா, வேண்டாமுங்க, நாங்க அவ்வளவு தூரமும் நடந்தே போயிக்கறோம்ங்கறாங்க. இப்படி ஒரு சனத்தை நீங்க எங்கேயாவது பார்த்திருக்கீங்களா? நான் பார்த்ததில்லை. நாலு மாநிலத்து மாட்டுச் சந்தை பார்த்தவன் சொல்றேன், பார்த்ததில்லை.

என் பேரு சென்னியப்பன். மாட்டுத் தரகன். இப்போ நார் மில் இருக்கு, தோப்பு இருக்கு, நாம உட்கார்ந்திருக்கற இந்தக் கொட்டகை இருக்கு. ஆனாலும் யாராவது கேட்டா மாட்டுத் தரகன்னுதான் சொல்லுவேன். சந்தையில உதை வாங்கிப் படிச்ச படிப்பு. மாடு உதைச்சது பாதி, மனுசன் உதைச்சது பாதி. கை மேல துண்டைப் போட்டு, விரலைப் பிடிச்சு விலை பேசுவோமே, பார்த்திருப்பீங்க. துண்டுக்கு அடியில என்ன பேசினோம்னு பக்கத்துல நிக்கறவனுக்குத் தெரியக்கூடாது. அதுதான் நாணயம். ஒருத்தன் துண்டைத் தூக்கி எட்டிப் பார்த்தான்னு செவுளைத் திருப்பி விட்டிருக்கேன். இன்னைக்கும் அவனுக்கு ஒரு காது கேக்காது.

விசயத்துக்கு வர்றேன்.

அந்தக் காலத்துல ஓட்டுன்னா காகிதம். முத்திரை குத்தி, மடிச்சு, பெட்டியில போடறது. இந்தச் சுத்துவட்டாரத்துக்கே ஊர்ப் பள்ளிக்கூடந்தான் பூத்து. ஊர்க்காரங்க போட்டு முடிச்ச பிற்பாடுதான் காட்டுவளவு சனம் உள்ளே போகும். யாரும் தடுக்கறதில்லைங்க, அதுகளாவே புளியமரத்தடியில குத்தவெச்சுட்டு இருக்கும். ஒரு ஒழுங்கு இருந்த காலம். எண்ணுற இடத்துக்கு நான் ஏஜெண்டாப் போயிருக்கேன். எல்லாப் பெட்டியையும் கொட்டி, பெரிய டிரம்முல போட்டுக் கலக்கிருவாங்க. கலக்கிட்டா எது எந்த ஊரு ஓட்டுன்னு கடவுளே வந்தாலும் பிரிக்க முடியாது. நானும் கட்சி ஆபீஸ்ல போய், காட்டுவளவு ஓட்டு பூராவும் நமக்குத்தானுங்கன்னு குத்துமதிப்பாச் சொல்லிட்டு வருவேன். சொல்றப்பவே உள்ளுக்குள்ள அரிக்கும். என் மில்லுல வேலை செய்யறான், என் நிலத்துல குடிசை போட்டிருக்கான், என் போர்வெல் தண்ணியைக் குடிக்கறான், எவனுக்குப் போட்டான்னு எனக்குத் தெரியாது. மாட்டைக் கண்ணுல பார்க்காம விலை பேசற மாதிரி இல்லையா?

அப்புறம் மெஷின் வந்தது. மொத மொத எண்ணுறப்போ போய் நின்னேன். பூத்துக்கு ஒரு மெஷின், மெஷினுக்கு ஒரு கணக்கு. கலக்கறதே கிடையாது. பட்டனை அமுக்கினா இந்தப் பூத்துல இந்தச் சின்னத்துக்கு இவ்வளவுன்னு சொல்லுது. அடேயப்பான்னு ஆயிருச்சு எனக்கு. ஆனா ஊர்ப் பூத்துல ஆயிரம் ஓட்டு. அதுல வளவு ஓட்டு கரைஞ்சு கிடக்கு. வளவுக்குன்னு தனியா ஒரு பூத்து இருந்தா எப்படி இருக்கும்னு யோசிச்சேன்.

அப்பத்தான் எனக்கு அந்தச் சனங்க மேல அக்கறை வந்தது.

எத்தனை நடை நடந்திருப்பேன் உங்க தாலுகா ஆபீஸுக்கு. வயசானதுக நடக்க முடியலைங்க, கர்ப்பிணிப் பொம்பளைங்க கஷ்டப்படறாங்கன்னு நானே மனு எழுதி, நானே கையெழுத்து வாங்கிக் கொடுத்தேன். கட்டடம் இல்லைன்னாங்க. கொட்டகையில இருந்த மாட்டையெல்லாம் தோப்புக்கு ஓட்டிட்டு, சுண்ணாம்பு அடிச்சு, கதவு வெச்சுக் கொடுத்தேன். உத்தரவு வந்த அன்னைக்கு வளவே திரண்டு வந்து எனக்கு மாலை போட்டது. பத்திரிகையில படம் வந்தது. மாலையைப் போட்டவன் நஞ்சன். என் மில்லுல நார் திரிக்கறவன், வளவுல பெரியவன், நாலு பேரு அவன் பேச்சைக் கேப்பாங்க. "மொதலாளி, எங்க சனம் வரிசையில மொதல்ல நிக்கறது இனிமேத்தானுங்க"ன்னு சொல்லிட்டு அழுதான். நானும் கண்ணைத் தொடைச்சுக்கிட்டேன். கல்லு மனசு இல்லைங்க எனக்கு.

மொத எலக்‌ஷன் சட்டசபைக்கு. எங்க கட்சி ஒன்றியச் செயலாளர் செல்லக்குமாரு, என்னைவிட இருபது வயசு சின்னவன். அவன்கிட்டச் சொன்னேன், காட்டுவளவுல ஒரு ஓட்டுக்கூட வெளிய சிந்தாது, இது தரகன் வாக்குன்னு. அன்னைக்கு நான்தான் உள்ளே ஏஜெண்டு. மொத ஓட்டு என் சம்சாரம் பூவாத்தா போட்டா. அட்டை மறைப்புக்குப் பின்னால போனா, பீப்புன்னு சத்தம், வந்துட்டா. தெரிஞ்ச கை. நஞ்சன் போனான், நேரமாச்சு, சத்தமே இல்லை. ரொம்ப நேரம் தடவிட்டு நின்னான். அப்பவே எனக்கு ஒரு மாதிரி இருந்தது.

எண்ணினாங்க. காட்டுவளவு பூத்து, மொத்தம் அறுபத்து மூணு. நம்ம சின்னத்துக்கு அறுபத்து ரெண்டு. எதிர்ச் சின்னத்துக்கு ஒண்ணு.

ஒண்ணு.

நாங்கதான் ஜெயிச்சோம். பத்தாயிரத்துக்கு மேல வித்தியாசம். அதுவா பேச்சு? செல்லக்குமாரு அத்தனை பேரு மத்தியில கேக்கறான். "ஏனுங் தரகரே, பல்லைப் புடிச்சுப் பாத்து மாட்டுக்கு வயசு சொல்லுவீங்க. உங்க வளவுல எந்தப் பல்லு ஆடுதுன்னு தெரியலையாட்ட இருக்குதே." எல்லாரும் சிரிச்சாங்க. டீ வாங்கிட்டு வர்றவன்கூடச் சிரிச்சான். உங்களை யாராவது அப்படிச் சிரிச்சிருக்காங்களா சார்? அது இங்கே, நெஞ்சுக்குழியில, இன்னும் இருக்கு.

வீட்டுக்கு வந்து சொன்னேன். "ஒரு ஓட்டுத்தானுங்க, ஜெயிச்சாச்சில்ல, உடுங்க"ன்னா பூவாத்தா. பொம்பளைக்கு இதெல்லாம் எங்கே புரியும். நம்ம வீட்டு ஓட்டு ரெண்டைக் கழிச்சா அறுபத்தொண்ணு. அதுல ஒருத்தன். அவ்வளவுதான் கணக்கு.

நான் யாரையும் அடிக்கலைங்க. வையலை. வளவுத் தொட்டிக்கு என் போர்லிருந்துதான் தண்ணி போகுது, மோட்டாரைப் போடலை. அவ்வளவுதான். யாருன்னு வந்து சொல்லுங்க, போடறேன்னேன். எல்லாரும் குடத்தைத் தூக்கிட்டுக் கல்லுக்குழிக்குப் போனாங்க. அந்தத் தண்ணியில எருமை விழும், நாய் விழும். ஒரு குழந்தைக்குப் பேதியாகிப் பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினாங்க. நஞ்சனுடைய பேத்தி. காய்ச்சிக் குடிக்கணும்னு ஒரு அறிவு வேண்டாமா? அதுக்கும் நானா போய் விறகு வெச்சுக் கொடுக்க முடியும்?

மறுநாள் நஞ்சன் வந்தான். வாசல்ல நின்னு, "நான்தானுங்க மொதலாளி. அந்த ஓட்டு என்னுதுங்க. தண்ணியைத் தொறந்துவுடுங்க"ன்னான்.

நான் ஏமாறுவேனா? சந்தையில பத்து மாட்டைப் பார்த்தா ஒம்பது பொய் சொல்லும். ஓட்டு மெஷின் மாதிரியே பிரசாரத்துக்குப் பலகையில செஞ்சது ஒண்ணு கொட்டகையில கிடந்தது, எல்லாச் சின்னமும் வரிசையா ஒட்டினது. அதை எடுத்து வெச்சேன். மில் ஆளுங்க எல்லாரையும் கூப்பிட்டுச் சுத்தி நிக்கவெச்சேன். எதை அமுக்கின, அமுக்கிக் காட்டுன்னேன். நஞ்சன் விரலைக் கொண்டு போனான். விரல்ல மை இன்னும் அழியலை. மேலயும் கீழயும் தடவினான். கடைசியில எதை அமுக்கினான் தெரியுமா? நம்ம சின்னத்தை. நான் பழக்கி விட்டிருந்தேனே, அதே இடத்துல போய் விரல் நிக்குது. இன்னொருக்கா அமுக்குடான்னேன். இன்னொருக்காவும் அதையே.

பாருங்க திமிரை. செஞ்சதை ஒத்துக்கிட்டு, அத்தனை பேரு முன்னால என்னைக் கேலி பண்றான்.

அன்னைக்கே குடிசையைக் காலி பண்ணச் சொன்னேன். என் நிலம், நான் சொல்றேன். சாமான் ஒரு சைக்கிள் பாரம்தான் இருந்தது. போறப்போ என்னைப் பார்த்துக் கும்பிட்டான், வீட்டைப் பார்த்தும் கும்பிட்டான். செங்கல் சூளையில சேர்ந்தான்னு கேள்வி. அப்புறம் அங்கேயே தவறிட்டான்னாங்க. பாவம், வயசும் ஆச்சு. பூவாத்தா அன்னைக்கு உலையே வெக்கலை. என்னடி உடம்புக்குன்னேன், சுவத்தோரம் போய்ப் படுத்துக்கிட்டா. அவளுக்கு வெயில் ஒத்துக்காது.

மோட்டாரைப் போட்டேன். சொன்ன சொல் தவற மாட்டேன்.

அடுத்தது பார்லிமெண்ட் எலக்‌ஷன். இந்தத் தடவை ஏமாறக்கூடாதுன்னு முதல் நாளே வளவு சனம் மொத்தத்தையும் வாசல்ல உட்காரவெச்சேன். தட்டுல சூடம். ஒவ்வொருத்தரா வந்து அணைச்சுச் சத்தியம் பண்ணினாங்க. கிழவன் கிழவி யாரையும் விடலை. பூவாத்தா கதவோரம் நின்னுட்டு, "நான் பண்ண வேண்டாமுங்களா?"ன்னு கேட்டா. எல்லாரும் அவளையே பார்த்தாங்க. நான் சிரிச்சுட்டேன். உள்ள போய் அடுப்பைப் பாருடின்னேன். கட்டின பொண்டாட்டிகிட்டச் சத்தியம் வாங்கற ஆளா நான்?

எண்ணினாங்க.

ஒண்ணு.

அதே சின்னத்துக்கு அதே ஒண்ணு. நஞ்சன் இல்லை. வளவை விட்டுப் போயே மூணு வருசமாச்சு. அப்பவும் ஒண்ணு. அப்போ என்ன அர்த்தம்? போறப்போ யாருக்கோ சொல்லிக் கொடுத்துட்டுப் போயிருக்கான். விசம், சார். ஆள் போனாலும் விசம் தங்கிரும்.

மோட்டாரை நிறுத்தலாம்னு எழுந்திரிக்கறேன், ரங்காயி வந்து நிக்கறா. புருசன் இல்லாதவ, என் மாட்டுக்குத் தீவனம் வெக்கறவ. "நான்தானுங்க போட்டேன், தண்ணியை நிறுத்திராதீங்க"ன்னா. பரவாயில்லை, கேக்காமலே வந்து ஒத்துக்கறாங்க, நாணயம் வந்திருச்சுன்னு எனக்குச் சந்தோசமாக்கூட இருந்தது. அவளையும் அனுப்பினேன். பூவாத்தா சேலை ரெண்டு எடுத்துக் கொடுத்தா. நானும் கண்டுக்கலை.

அப்புறம்ல தெரிஞ்சது. தேங்காய் லோடு ஏத்த வந்த டிரைவர் உளறிட்டான். எலக்‌ஷனுக்கு முன்னாலயே மாரியம்மன் கோயில்ல உட்கார்ந்து சீட்டுக் குலுக்கியிருக்காங்க. எப்படியும் ஒரு ஓட்டு குறையும், மொதலாளி தண்ணியை நிறுத்துவாரு, யாரு போய் நான்தான்னு சொல்றதுன்னு. சீட்டு ரங்காயி பேருக்கு விழுந்திருக்கு. நினைச்சுப் பாருங்க சார், என்ன ஒரு மோசடி. போடாதவளைப் போட்டேன்னு சொல்ல வெச்சு, போட்டவனை உள்ளே ஒளிச்சு வெச்சிருக்காங்க. தரகனையே ஏமாத்தறாங்க. கூப்பிட்டுக் கேட்டா, "எங்களுக்கே யாருன்னு தெரியலைங்க, சத்தியமா நாங்க எல்லாரும் உங்களுக்குத்தானுங்க போட்டோம்"ங்கறாங்க. அறுபது பேரும் போட்டா அந்த ஒண்ணு வானத்துல இருந்தா விழுந்தது?

ரங்காயியைத் திருப்பிக் கூப்பிடலையான்னு கேக்கறீங்களா? எதுக்கு? பொய் சொன்னவதானே அவ. பொய் சொன்னதுக்குப் போகட்டும்.

இப்போ அடுத்த எலக்‌ஷன் வருது. உடனே மனு. பள்ளிக்கூடத்துக்கே மாத்துங்க, ஆயிரம் பேரோட ஆயிரமா நாங்களும் போட்டுட்டு வந்திர்றோம்னு. புளியமரத்தடியில பழையபடி கடைசியா நிக்கறோம், பரவாயில்லைங்கறாங்களாம். நான் மொதல்ல நிக்கவெச்சேன், அது பிடிக்கலை. எத்தனை வருசம் மாடா உழைச்சு வாங்கின பூத்து. விடுவேனா?

தம்பி, உங்ககிட்ட மனசு விட்டுச் சொல்றேன். நீங்களும் வளர வேண்டிய பிள்ளை. பூத்து இங்கயே இருக்கட்டும். ஒண்ணே ஒண்ணு மட்டும் பண்ணுங்க. அந்த அட்டை மறைப்பை இந்தச் சுவத்தோரம் வெக்காம, அதோ, அந்த ஜன்னல் பக்கம் வெக்கச் சொல்லுங்க. காத்து வரும். வெயில் காலம், சனங்க வேர்த்துக் கொட்டி நிக்குது. ஜன்னலுக்கு வெளிய என் ஆளு ஒருத்தன் மாட்டைக் கட்டிட்டு நிப்பான், அவ்வளவுதான். முடியாதா? முடியாதுன்னு சட்டுனு சொல்லாதீங்க. சந்தையில மொத வார்த்தையே முடியாதுன்னு சொல்றவன் மாடு வாங்கினதே இல்லை.

பூவாத்தா, சாருக்கு மோர் கொண்டு வா. எத்தனை நேரம்?

இவதாங்க என் சம்சாரம். முப்பத்தஞ்சு வருசமா என்கூட இருக்கா, ஒரு நாளும் எதிர்த்துப் பேசினதில்லை. வாங்கிக்குங்க.

என்ன சார், இவகிட்டக் கேக்கறீங்க? கேளுங்க கேளுங்க, இவளும் இந்தப் பூத்து ஓட்டர்தான். சொல்லுடி, சார் கேக்கறாரு. பூத்து நம்ம கொட்டகையிலயே இருக்கட்டும்னு பெருமையாச் சொல்லு.

என்ன? மாத்தச் சொல்றியா?

இருங்க சார், ஏதோ சொல்றா. தலையை நிமிர்த்திச் சொல்லுடி, காதுல விழலை.

கேட்டீங்களா. அந்த ஓட்டு இவ போட்டதாமா. ரெண்டு தடவையும் இவதானாமா. நஞ்சன் வாசல்ல நின்னு கும்பிட்டானே, அப்பவே சொல்லோணும்னு வாய் வரைக்கும் வந்துச்சாமா, பயத்துல சொல்லலையாமா. அவனைக் கொன்னது இவதானாமா. எதுக்குடி போட்டேன்னு கேட்டா, அந்த அட்டைக்குப் பின்னால நிக்கறப்போ மட்டுந்தான் நீங்க என்னைப் பாக்கறதில்லைங்கறா. அதுக்காகப் போட்டாளாமா. சூடத்துல கை வெக்கறேன்னு கேட்டேனே, அப்பவாவது தெரியலையான்னு என்னையவே கேக்கறா.

எனக்குச் சிரிப்பு அடங்க மாட்டேங்குது. நீங்க ஏன் சார் சிரிக்கலை?

இவளாவது, ஓட்டாவது. சின்னம் எது எந்த இடத்துல இருக்குன்னு தெரியுமா இவளுக்கு? இருங்க, கேக்கறேன். எத்தனையாவது பட்டன்டி அமுக்கினே?

மொத தடவை மூணாவது. ரெண்டாவது தடவை அஞ்சாவது.

சரியாத்தான் சொல்றா.

பார்த்தீங்களா சார். இதைத்தான் இவ்வளவு நேரமாச் சொல்லிட்டிருக்கேன். தண்ணி தூக்க, தீவனம் வெக்கன்னு வளவுப் பொம்பளைங்க இந்த வாசலுக்குத்தானே வர்றாங்க. எவளோ ஒருத்தி இவ காதுல ஓதியிருக்கா. மூணுன்னு சொல்லு, அஞ்சுன்னு சொல்லு, நீதான் போட்டேன்னு பழியை ஏத்துக்கோ, உன் புருசன் உன்னை ஒண்ணும் பண்ண மாட்டாருன்னு. இவளும் இளகின மனசு, நம்பிட்டா. சீட்டை என் வீட்டுக்குள்ளயே போட்டுட்டாங்க, பாருங்க. இனிமே பொறுத்தா நான் சென்னியப்பன் இல்லை.

இப்பெல்லாம் போர்வெல்லுக்கு நடந்து போக வேண்டியதில்லைங்க. போன்லயே மோட்டாரை நிறுத்திரலாம். ஒரு நம்பர். அவ்வளவுதான். நின்னுருச்சு.

நீ எதுக்குடி கையைப் பிடிக்கறே? விடு. சார் முன்னால என்ன பழக்கம் இது. காலெல்லாம் பிடிக்காதே, எழுந்திரு. யாருன்னு வந்து சொல்லட்டும், அடுத்த நிமிசம் போடறேன். உள்ளே போ.

நீங்க எழுந்திரிக்காதீங்க தம்பி, மோரைக் குடிங்க. படிவத்துல என்னென்ன கேட்டிருக்கு? கட்டடம் உறுதியா இருக்கு, எழுதிக்குங்க. சக்கர நாற்காலி ஏற சாய்தளம் இருக்கு, நானே போட்டது. லைட்டு இருக்கு, ஃபேன் இருக்கு. அடுத்தது என்ன, குடிதண்ணியா?

இருக்குன்னு எழுதுங்க.